வெட்டிவேரும் திருப்புளியும்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறும் ஒருவருக்கு முதற் கோடையில் புரியாத பொருள் ஒன்று உண்டு. அது ஒரு தகரப் பெட்டி. அதன் மூன்று பக்கங்களில் புல்லைப்போல் ஏதோ அடைத்திருக்கும், நான்காம் பக்கத்தில் விசிறி, அடியில் தண்ணீர். வீட்டுச் சன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தின்மீது அது அமர்ந்திருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தில்லிக்கு வந்த புதிதில், மாட்டுக்கு வைக்க வேண்டிய வைக்கோலை இவ்வூரார் ஏன் சன்னலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று வியந்தேன். அவ்வாண்டு மே மாதம் முடிவதற்குள் நானும் அப்படி ஒரு பெட்டியை வாங்கிச் சன்னலில் ஏற்றினேன். அதற்குக் 'கூலர்' என்று பெயர். தில்லி, லக்னோ, ஜெய்ப்பூர், நாகபுரி முதலிய ஊர்களில் வாழும் நேயர்களுக்கு அதை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

அந்தக் கூலரை என் இரு குழந்தைகளின் துணையோடு நான் பழுது பார்த்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அறிக்கைகளையும் ஆணைகளையும் தமிழாக்குவது என் தொழில். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்ளும் இனத்தைச் சேர்ந்தவன். ஆகவே இது ஒரு நிபுணரின் உரை அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் அது. அம்மாத இறுதியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று என்பது பலருக்கு நினைவிருக்கும். நான் சொல்லும் நிகழ்ச்சி அதற்கு இரு வாரங்கள் முன்னதாக நடந்தது. தன் தாயாருக்குக் கண்புரை அறுவை நடப்பதை முன்னிட்டு என் மனைவி சென்னை சென்றிருந்தாள். பள்ளிகளுக்கு விடுமுறை. வீட்டில் நானும், பத்து வயது மகனும், ஆறு வயது மகளும். படுக்கையறையில் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆனால் அது சுமார் 1,500 வாட் மின்சாரம் உண்ணும். கூலருக்கு 200 வாட் இருந்தால் போதும். ஆகையால் பகல் முழுவதும் குழந்தைகள் விளையாடும் கூடத்திற்குக் கூலர்தான். அது அவ்வாண்டு வேலை செய்ய மறுத்துவிட்டது. விசிறி சுழன்றது, ஆனால் தண்ணீர் மேலேறவில்லை. அடுப்பிலிருந்து வருவதுபோன்ற காற்றே வந்தது.

மிஸ்திரிக்குத் தொலைபேசி செய்தேன். "கல்" என்றார். இந்தியில் இச்சொல்லுக்கு நேற்று என்றும் நாளை என்றும் இரு பொருள்கள் உண்டு. பின்னால் வரும் வினைச்சொல்லைக் கொண்டே இது எந்தக் 'கல்' என்று தெளிய வேண்டும். நம் மிஸ்திரியோ 'கல்' என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார். வினைச்சொல்லும் வருவதில்லை; அவரும் வருவதில்லை. நான்கு நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. "நாமே பழுது பார்த்தால் என்ன?" என்றேன். என் மகள் துள்ளிக் குதித்தாள். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

வேலையை விளையாட்டாக்கினால்தான் குழந்தைகள் உடனிருப்பார்கள் என்பது தெரிந்ததே. நான் அறிந்த விளையாட்டு அலுவலகம் ஒன்றுதான். ஆகவே ஒரு தாளில் அலுவலக ஆணை ஒன்று எழுதினேன். மகன் தலைமைப் பொறியாளர். மகள் பண்டகக் காப்பாளர். நான் கடைநிலை ஊழியன். விதிகள் நான்கு. ஒன்று: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதைப் பண்டகக் காப்பாளர் தம் கண்ணால் பார்த்த பின்னரே எவரும் பெட்டியைத் தொடலாம். இரண்டு: மின்கம்பியையும் மோட்டாரையும் தொடும் உரிமை கடைநிலை ஊழியனுக்கு மட்டுமே. மூன்று: கழற்றும் ஒவ்வொரு திருகாணியும் எண்ணப்பட்டு எவர்சில்வர் தட்டில் வைக்கப்படும். நான்கு: பசித்தால் யார் வேண்டுமானாலும் வேலைநிறுத்தம் செய்யலாம். ஆணையின் அடியில் பண்டகக் காப்பாளர் கட்டைவிரல் ரேகை பதித்தார். மை கிடைக்காததால் குங்குமம் பயன்பட்டது.

விளையாட்டாக எழுதினாலும் முதலிரண்டு விதிகள் விளையாட்டல்ல. கூலர் என்பது தகரமும் தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடும் பொருள். உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்திருந்தால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். ஓடிக்கொண்டிருக்கும் கூலரில் ஈரக் கையோடு தண்ணீர் ஊற்றப்போய் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் ஒவ்வொரு கோடையிலும் வருகின்றன. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கும், வீட்டு மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. இவற்றை மட்டும் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே செய்துகொள்ள வேண்டும்.

பிளக் பிடுங்கப்பட்டது; பண்டகக் காப்பாளர் பார்வையிட்டார். பக்கத்துத் தட்டிகளைக் கழற்ற வேண்டும். "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு" என்றேன் மகளிடம்.

"பேச்கஸ்தானே அப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவள் எடுத்து வந்தாள். அது இந்திச் சொல். என் வாயில் வந்தது ஆங்கிலச் சொல். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். நாளெல்லாம் சொற்களை நிறுத்துப் பார்த்துத் தமிழாக்குவதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் கையில் பிடித்திருக்கும் கருவியின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் தந்தையார் அதை ஏதோ ஒரு பெயரால் அழைப்பார் என்பது மட்டும் நினைவிருந்தது. வெட்கமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கருவியை மகனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே கழற்றுங்கள், அப்பா. நான் தட்டைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றான். பொறுப்புள்ள பிள்ளை என்று நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி எவ்வளவு அறியாமை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

திருகாணிகள் பதினொன்று கழன்றன. ஒவ்வொன்றும் தட்டில் விழும்போது மகள் உரக்க எண்ணினாள். தட்டிகளைத் திறந்ததும் உள்ளிருக்கும் அமைப்பு தெளிவாகத் தெரிந்தது. அடித்தொட்டியில் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு பம்பு. அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் மேலேறுகிறது. மேலே துளையிட்ட வாய்க்கால்கள். அத்துளைகள் வழியே சொட்டும் நீர், மூன்று பக்கத்துத் தட்டிகளையும் நனைத்துக்கொண்டு மீண்டும் தொட்டிக்கே இறங்குகிறது. விசிறி, வெளியே உள்ள உலர்ந்த காற்றை அந்த ஈரத் தட்டிகளின் ஊடே இழுத்து அறைக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் கூலர்.

பம்பைத் திறந்தோம். உள்ளே இருந்த சிறு சக்கரத்தைச் சுண்ணாம்புபோல் ஒரு வெள்ளைப் படிவு இறுகப் பிடித்திருந்தது. தில்லியில் பல இடங்களில் கிடைப்பது கடின நீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணம், நீர் ஆவியாகும்போது பின்தங்கிப் படிந்துவிடுகிறது. கத்தியால் சுரண்டலாமா என்று நான் யோசித்தபோது, "பாட்டி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாளே" என்றாள் மகள். சமையலறையில் எலுமிச்சம்பழம் இருந்தது. புளிப்பு என்றால் அமிலம். எலுமிச்சையிலும் அது உண்டு. இரண்டு பழங்களைப் பிழிந்து கிண்ணத்தில் சாற்றை ஊற்றிச் சக்கரத்தை அதில் இட்டோம். சிறிது நேரத்தில் படிவின்மேல் நுரை நுரையாகக் குமிழிகள் கிளம்பின. "சோடா!" என்று கத்தினாள். உண்மையில் அவள் சொன்னது சரியே. சுண்ணப் படிவில் அமிலம் பட்டால் வெளிவருவது கரியமில வாயு. சோடாவில் பொங்குவதும் அதுவே. பொறியாளர் குனிந்து பார்த்தார். கைகள் மட்டும் முதுகுப்புறமே இருந்தன.

வாய்க்கால் துளைகளும் அடைபட்டிருந்தன. ஊசி தடித்திருந்தது, நூல் மெலிந்திருந்தது. அப்போதுதான் எங்கள் வீட்டுத் துடைப்பம் நினைவுக்கு வந்தது. வடக்கே விற்கும் பூந்துடைப்பத்தால் முற்றம் பெருக்க இயலாது என்று, ஒவ்வொரு முறை ஊருக்குச் சென்று திரும்பும்போதும் என் மனைவி தென்னை ஈர்க்கு விளக்குமாறு ஒன்றைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிக் கொண்டுவருவாள். சக பயணிகள் சிரித்ததுண்டு, நானும் சிரித்ததுண்டு. அந்த ஈர்க்கு ஒவ்வொரு துளைக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மகள் நாற்பதுக்கு மேற்பட்ட துளைகளைக் குத்தித் திறந்து, அத்தனையையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

தொட்டியின் மூலையில் துருப்பிடித்து ஒரு பொத்தல் விழுந்திருந்தது. கடையில் இரண்டு சிறு பொட்டலங்களாக விற்கும் பசையை ஒன்றாகப் பிசைந்து அடைத்தால் அது இரவுக்குள் கல்லாக இறுகிவிடும். பசை தோலுக்கு ஆகாது. ஆகவே கையுறை அணிந்து நான் பிசைந்தேன். குழந்தைகளுக்கு ஆளுக்கோர் உருண்டை சப்பாத்தி மாவு கொடுத்தேன். என் அடைப்பைவிட மகள் செய்த பிள்ளையார் நேர்த்தியாக அமைந்தது.

மாலையில் தெருவில் தட்டிக்காரரின் குரல் கேட்டது. கோடை தொடங்கியதும் சைக்கிளில் 'காஸ்' விற்பவர்கள் குடியிருப்புகளைச் சுற்றி வருவார்கள். காஸ் என்றால் இந்தியில் புல். ஆனால் அவர்கள் விற்பது பெரும்பாலும் மரச்சீவல். அவரிடம் வேறொரு வகையும் இருந்தது, விலை கூடுதல். "கஸ்" என்றார். பழுப்பு நிறத்தில் மெல்லிய வேர்கள். மகள் ஒரு கற்றையை முகர்ந்து பார்த்து என்னை நிமிர்ந்து நோக்கினாள். "அப்பா, இது பாட்டி வீட்டுப் பானைத் தண்ணீர்!" என்றாள்.

அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. வடக்கே கஸ் என்று வழங்குவது நம் வெட்டிவேர். கோடையில் குடிநீர்ப் பானையில் நம் வீடுகளில் முடிந்து போடுவது அதுவே. அக்பருடைய காலத்தில் இவ்வேரால் தட்டிகள் வேய்ந்து, நீர் தெளித்து அறைகளைக் குளிர்வித்த செய்தி அயினி அக்பரி என்னும் நூலில் காணப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இவ்வேருக்கு வழங்கும் 'வெட்டிவர்' என்னும் பெயர் தமிழிலிருந்து சென்றதே. மற்ற மொழிகளிலிருந்து வந்த சொற்களுக்குத் தமிழ் தேடுவதே என் அன்றாட வேலை. இங்கே நாம் கொடுத்த சொல் ஒன்று உலகைச் சுற்றிவிட்டு, ஒரு சைக்கிள் கட்டில் என் வாசலுக்கு வந்து நின்றது. விலையைப் பற்றிப் பேசாமல் மூன்று தட்டிகளுக்கும் வெட்டிவேரே வாங்கினேன்.

அன்றிரவு தொலைபேசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் விவரித்தபின் மெல்லக் கேட்டேன்: "ஸ்க்ரூ டிரைவருக்குத் தமிழில் என்ன?"

"திருப்புளி" என்றாள் ஒரு நொடியும் தயங்காமல். "உங்கள் அப்பா சொல்லுவாரே! 'அந்தத் திருப்புளியை எடும்மா' என்று என்னிடமே எத்தனை முறை கேட்டிருக்கிறார்."

என் தந்தையாரின் மரப்பெட்டி கண்முன் வந்தது. திருப்புளி, குறடு, அரம், உளி, சுத்தியல், இழைப்புளி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான அவர், வீட்டில் எது பழுதானாலும் அப்பெட்டியைத் திறந்துகொண்டு அமர்வார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அந்தச் சொற்களை எனக்கு எவரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். அப்படி வந்தவை அவை.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே எல்லாவற்றையும் பொருத்தினோம். திருகாணிகள் பதினொன்றும் திரும்பப் போயின. கணக்குச் சரியாக இருந்தது. குழந்தைகள் இருவரையும் வாசற்படியில் நிற்கச் செய்து ஸ்விட்சைப் போட்டேன். பம்பு முனகியது, தண்ணீர் மேலேறியது. "ஏறுகிறது! ஏறுகிறது!" என்று மகள் கைகொட்டினாள். கால் நிமிடம் சென்றிருக்கும். பெட்டிக்குள் 'படார்' என்று ஓர் ஓசை. அடுத்த கணம் விசிறியின் வழியாகக் கூடத்திற்குள் மழை பெய்தது. நான் ஓடிச் சென்று சுவரில் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் சோபாவும் சுவரும் நானும் நனைந்துவிட்டோம். மேசைமேல் பிழைதிருத்துவதற்காக நான் கொண்டுவந்திருந்த ஆண்டறிக்கையின் தமிழாக்கம் பன்னிரண்டு பக்கம், எழுத்து எழுத்தாகக் கரைந்து கொண்டிருந்தது.

காரணம் விளங்க நேரமாகவில்லை. பம்பின் வாயில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம் ஒன்று உண்டு. அதை நான் மாட்ட மறந்துவிட்டேன். குழாய் கழன்று, பீறிட்ட தண்ணீரை விசிறி இழுத்து வீசியிருக்கிறது. வளையம் எவர்சில்வர் தட்டின் அடியில் கிடந்தது. அது திருகாணி அன்று. ஆகையால் பண்டகக் கணக்கில் ஏறவில்லை.

"இது இங்கே கிடந்ததை யாருமே பார்க்கவில்லையா?" என்றேன். கேட்டது சாதாரணமாகத்தான். மகன் தலை குனிந்தான்.

"நான் பார்த்தேன், அப்பா."

"பார்த்தாயா? பின் ஏன் சொல்லவில்லை?"

நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "நான் தொட்டேன் என்று கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்" என்றான். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் தந்தையார் விட்டுச் சென்ற அலாரக் கடிகாரத்தை அவன் திறந்து பார்த்துவிட்டான். உள்ளே இருந்து மணி அடிப்பது யார் என்று பார்க்க விரும்பினானாம். நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது வில்லும் பற்சக்கரங்களும் தரையில் கிடந்தன. நான் அவனை அடிக்கவில்லை. அடிக்காத தந்தை என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால், "தொட்டதையெல்லாம் உடைக்கும் கை" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மறந்தும் போனேன். எட்டு வயதுப் பிள்ளை மறக்கவில்லை. அன்று முதல் வீட்டில் எது திறக்கப்பட்டாலும் அந்தக் கைகள் பின்னால் போய்விடுகின்றன. இரண்டு ஆண்டுகளாக அதை நான் அடக்கம் என்று எண்ணி வந்திருக்கிறேன்.

சொற்களை ஆராய்ந்து, இது மிகை, இது குறை என்று தள்ளுவதையும் கொள்ளுவதையும் தொழிலாகக் கொண்டவன் நான். என் வீட்டில் நான் சொன்ன ஒரு சொல்லை மட்டும் ஆராயாமல் விட்டேன். அதன் விலை பன்னிரண்டு பக்கம் ஈரத்தாள் என்றால், மிகவும் மலிவாகவே முடிந்தது எனலாம். ஏனெனில் இன்று அவன் சொல்லாமல் விட்டது ஒரு வளையத்தைப் பற்றி. நாளை அவன் சொல்லத் தயங்கக்கூடியது வேறெதுவாகவும் இருக்கலாம்.

"வளையம் மாட்ட மறந்தது என் தவறு" என்றேன். "அன்றைக்குக் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதும் என் தவறு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புவது உடைப்பது ஆகாது."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து நீட்டினேன். "பிளக்கைப் பிடுங்கியாயிற்று. இந்த வளையத்தைக் குழாயோடு சேர்த்து நீ இறுக்க வேண்டும். என் விரல் தடிமன். அந்த இடுக்கில் நுழையாது." விரல் நுழையாது என்பது முழு உண்மை அன்று, ஆயினும் அதிகம் பொய்யும் அன்று. கைகள் முன்னால் வந்தன. திருப்புளியைப் பற்றி மெல்லத் திருகினான். போதுமா என்று என்னைப் பார்த்தான். இன்னும் ஒரு சுற்றுத் திருகினான். நாங்கள் மூவரும் தரையைத் துடைத்து முடித்து, மோட்டாரும் நன்கு உலர்ந்தபின், பிற்பகலில் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். இம்முறை மழை பெய்யவில்லை. தட்டிகள் மெல்ல நனைந்து கருத்தன. பிறகு வெட்டிவேர் மணத்தோடு குளிர்ந்த காற்று வந்தது.

"ஐஸ் போடவில்லையே, எப்படிக் குளிர்கிறது?" என்றாள் மகள். அவள் புறங்கையை நனைத்து ஊதச் சொன்னேன். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். அதைக் கையிடமிருந்தோ காற்றிடமிருந்தோ அது எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகிறது. அதே வெப்பத்தை 58 கிராம் நீரிலிருந்து எடுத்தால் அது 10 டிகிரி குளிர்ந்துவிடும். மண்பானை நீர் குளிர்வதும், வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதே விதிப்படிதான்.

மகன் சுவரில் தொங்கிய வெப்பமானியை எடுத்து வந்தான். யாரும் சொல்லாமல் தானே எடுத்து வந்தான். வெளியே நிழலில் 41 டிகிரி. அதன் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறியபோது 23-க்கு இறங்கியது. கூலரின் முன் வீசிய காற்று 27 டிகிரி. ஈரத்துணி காட்டும் அளவுதான் கூலருக்கு எல்லை. அதற்குக் கீழே அது குளிர்விக்க இயலாது. "அப்படியானால் சென்னையில் தாத்தா வீட்டில் ஏன் கூலர் வைப்பதில்லை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சென்னையில் கடற்காற்று ஏற்கனவே ஈரம் சுமந்து வருகிறது. அங்கே ஈரத்துணி சுற்றினாலும் வெப்பமானி அதிகம் இறங்காது. தில்லியிலேயே ஜூலையில் மழைக்காலம் தொடங்கியதும் கூலர் பயனற்றுப் புழுக்கம் தருவதற்கும் இதுவே காரணம். வடக்கே புதிதாக வந்துள்ள நேயர்களுக்கு ஒரு குறிப்பு: கூலர் ஓடும்போது எதிர்ப்புறச் சன்னலைச் சிறிது திறந்து வையுங்கள். உள்ளே வரும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அறை சீக்கிரமே புழுங்கிவிடும்.

மற்றொரு குறிப்பும் உண்டு. கூலர்த் தொட்டியில் நிற்கும் தெளிந்த நீர் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த தொட்டில். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்ய வேண்டும். வெறுமனே காலி செய்தால் போதாது. முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலரவிட்ட பின்னரே மீண்டும் நீர் நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் இது தலைமைப் பொறியாளரின் பொறுப்பு. பிளக்கைப் பிடுங்கியதைப் பார்வையிடுவது இன்றளவும் பண்டகக் காப்பாளரே.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அன்றிரவு, நான் ஈரத்தாள்களைக் கயிற்றில் உலர்த்திக்கொண்டிருந்தபோது, மகன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். உள்ளே என் தந்தையாரின் கடிகாரம் இருந்தது. வில், பற்சக்கரங்கள், முட்கள், பொடித் திருகாணிகள் எல்லாவற்றையும், ஒன்றுகூடத் தொலைக்காமல், பஞ்சில் சுற்றி இரண்டு ஆண்டுகளாக அவன் கட்டிலுக்கடியில் வைத்திருந்திருக்கிறான். நான் குப்பையில் போய்விட்டது என்று எண்ணியிருந்த பொருள் அது.

"இதையும் பார்க்கலாமா, அப்பா?" என்றான்.

பார்த்தோம். அதற்குப் பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம். அது இன்னும் சரியாக ஓடவில்லை என்பதை நேயர்களிடம் மறைக்க விரும்பவில்லை. சாவி கொடுத்தால் நாற்பது நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஒரு முறை பொருத்தி முடித்தபின் ஒரு திருகாணி மிஞ்சியது. அது எந்த இடத்துக்கு உரியது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். கடிகாரக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது அவன் ஒப்பவில்லை. கடைக்காரர் நம்மைப் பார்க்க விடமாட்டார் என்பது அவன் வாதம்.

தாய்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு ஒரு கவலை உண்டு. குழந்தைகள் வீட்டுக்கு வெளியே இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகிறார்கள்; தமிழ் அவர்களிடம் தங்குமா என்று அஞ்சுகிறோம். வகுப்பு வைக்கிறோம், புத்தகம் வாங்குகிறோம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் 'திருப்புளி' என்னும் சொல் என் மகனுக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஓர் இடுக்கில் கையை விட்டுக்கொண்டு, "அந்தத் திருப்புளியைக் கொடு" என்று ஒருவர் கேட்க, மற்றவர் எடுத்துக் கொடுக்கும்போது வந்தது. தெருவில் அவனுடைய நண்பர்களோடு சைக்கிள் பழுது பார்க்கும்போது அவன் பேச்கஸ் என்றுதான் சொல்கிறான்; அது தவறும் அன்று. வீட்டுக்குள் வந்ததும் திருப்புளி என்கிறான். இரண்டும் அவனுக்குச் சொந்தம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கூலரோ, ஆடும் நாற்காலியோ, ஒழுகும் குழாயோ இருக்கும். மிஸ்திரி 'கல்' என்று சொல்லியிருப்பார். மின்சாரத்தை மட்டும் அறிந்தவரிடம் விட்டுவிட்டு, மற்றதற்குக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். வேலை முடிய இரு மடங்கு நேரம் ஆகும். ஒரு திருகாணி மிஞ்சவும் கூடும். அவர்களுடைய கைகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.